பதினைந்துக்குக் கீழே உறங்கும் மண்

சந்தியாகுப்பட்டி ஊராட்சி அலுவலகச் சுவரில் எண் பலகை வந்த பிறகு, காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பலகையில் ஊரின் நூற்று நாற்பது திராட்சைத் தோட்டங்களின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்ணும் ஒளிரும். அந்தத் தோட்டத்து மண் நேற்று எவ்வளவு விழித்திருந்தது என்பதைச் சொல்லும் எண் அது. பதினைந்துக்கு மேல் என்றால் பச்சை. கீழே என்றால் சிவப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, பெண் வீட்டுக் காப்பியைக் குடிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் வந்தார்கள்.

அது இரண்டாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு. பாறையிலிருந்து வெட்டி எடுக்கும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், உலகம் முழுக்கக் குறைந்துகொண்டே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் கிணறுகளிலோ, தோட்டங்களில் கொட்டிய உரமெல்லாம் இறங்கி, தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாத நிலை. அதற்காகத்தான் பள்ளத்தாக்கு மண் வாரியம் என்று புதிதாக ஒன்று வந்தது. வாரியம் ஒவ்வொரு தோட்டத்திலும் விரல் பருமனில் ஒரு கருவியை நட்டது. அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஊர் அதை ஆணி என்றது. ஆணி மண்ணுக்குள் நொதிகளின் வேலையை அளக்கும். அளந்த கையோடு, சொட்டுநீர்க் குழாயில் உரத்தைக் கலந்துவிடும் தொட்டியின் வால்வையும் அதுவே திறக்கும், மூடும்.

பிலோமியின் தோட்டத்தில் ஆணி நட வந்தவள் ஷப்னம். உத்தமபாளையத்துப் பெண், இருபத்தொன்பது வயது. பதினோரு ஊர்களுக்கு அவள் ஒருத்திதான் வாரிய அலுவலர். ஆணியைத் தரையில் அழுத்திவிட்டுக் கையிலிருந்த திரையைப் பார்த்தவள், அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அக்கா, ஒம்பது காட்டுது."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

பிலோமிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு ஏக்கர் பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை கருகருவென்று தொங்கிக்கொண்டிருந்தது. பிலோமி தோட்டத்துக் கொத்து என்றால் கம்பம் சந்தையில் தனி மரியாதை. ஒரு கையில் அடங்காது. அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அடுத்தவர்கள் ஒரு மூட்டை உரம் போடும் இடத்தில் அவள் ஒன்றரை மூட்டை போட்டாள். நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அந்தக் கொத்துதான்.

"மிஷின் கோளாறா இருக்கும், மேடம். கொடியப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு."

"கொடி நல்லாத்தான் நிக்குது. மண்ணுதான் தூங்குது." ஷப்னம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டினாள். "இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல இருக்குக்கா. அதுக விடுற நொதிதான் சருகு, வேர், செத்த புழு எல்லாத்தையும் கரைச்சுக் கொடிக்கு ஊட்டும். சமையக்காரங்கன்னு வச்சுக்கங்க. நீங்க முப்பது வருசமா தெனமும் கடையில சாப்பாடு வாங்கிக் கொட்டுறீங்க. அப்புறம் அவங்க எதுக்கு அடுப்பு பத்த வைக்கப் போறாங்க? பாதிப் பேரு கெளம்பிப் போயிட்டாங்க. மிச்சப் பேரு படுத்துட்டாங்க."

"அதுக்கு என்ன செய்யணுங்கிறீங்க?"

"உங்க மண்ணுல மணிச்சத்து பத்துப் பதினஞ்சு வருசத்துக்குக் குமிஞ்சு கெடக்கு. பூட்டுன பீரோவுல கெடக்கு. சாவி நொதிகிட்ட இருக்கு. அதை எழுப்புங்க. தூங்குற மண்ணுக்கு உரம் குடுத்தா கொடிக்குப் போகாது, கெணத்துக்குத்தான் போகும். அதனால பதினஞ்சுக்குக் கீழ இருந்தா வால்வு தொறக்காது. ஒரு சொட்டு கெடையாது."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஒரு வருசம் தவணை. அடுத்த தையிக்குள்ள பதினஞ்சைத் தொடலேன்னா, கொடிய வெட்டிட்டு நெலத்தை மூணு வருசம் ஆறப்போடணும்." இதைச் சொல்லும்போது ஷப்னம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள். பிலோமிக்கு அப்போதுதான் சிரிப்பு நின்றது.

அவள் சும்மா உட்காரவில்லை. பந்தலுக்கு அடியில் வரிசை வரிசையாகத் தழையுரச் செடியான சணப்பையை விதைத்தாள். பூ வைக்கும் நேரத்தில் மடக்கி மண்ணோடு புரட்டினாள். மேலே வைக்கோல் பரப்பினாள். கூடலூர்ப் பக்கமிருந்து ஆட்டு மந்தை ஒன்றை வரவழைத்து ஒரு வாரம் இராத்திரி தோட்டத்திலேயே அடைத்துக் கிடை போட்டாள். வாசனை ஊரையே தூக்கியது. பலகையில் எண் பத்தானது. மறுபடி ஒன்பதானது. உரம் நின்ற மூன்றாம் மாதம் இலைகள் வெளிற ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் அவள் கல்தூணில் சாய்ந்துகொண்டு, எலுமிச்சை நிறத்துக்குப் போய்விட்ட ஓர் இலையைக் கையில் வைத்துச் சத்தமில்லாமல் அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

சித்திரை முடிந்து வைகாசி பிறந்த நான்காம் நாள், பால் செம்போடு பலகைக்கு முன்னால் போய் நின்றவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பிலோமினா, இருபத்திரண்டு. பச்சை. மூன்றாம் நாள் முப்பது. அந்த வாரக் கடைசியில் நாற்பத்தொன்று.

செம்பு கையில் இருப்பதையே மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பால் வழி நெடுகச் சிந்தியது. "என்னங்க! நாப்பத்தொண்ணு! நம்ம மண்ணு முழிச்சிருச்சுங்க!" என்று கத்திக்கொண்டு வந்தவளைப் பார்த்து, அவள் கணவன் இன்னாசிமுத்து வாயெல்லாம் பல்லாக நின்றான். எண் பச்சையான அன்றைக்கே தோட்டத்துத் தொட்டி வால்வு டிக் என்று திறந்து, நான்கு மாதத்துக்குப் பிறகு குழாயில் உரத்தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. அதுவும் கொஞ்சம்தான். மண் விழித்திருக்கிறது, இனி இவ்வளவு போதும் என்று ஆணியே அளந்து, அவள் முன்பு போட்டதில் பத்தில் ஒரு பங்கைத்தான் விட்டது. ஆனால் இலைகள் இரண்டே வாரத்தில் கரும்பச்சைக்குத் திரும்பின.

அதன் பிறகு பிலோமிக்கு நிற்க நேரமில்லை. பதினோரு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சணப்பையை எந்தப் பருவத்தில் மடக்கினீர்கள், வைக்கோல் எத்தனை விரல் கனம், கிடை எத்தனை நாள் என்று குடைந்தார்கள். கோம்பையில் கூட்டம் போட்டு அவளுக்கு மாலை போட்டார்கள்; ஒலிபெருக்கியில், 'மண்ணை எழுப்பிய மங்கை' என்று ஒருவர் பத்து நிமிடம் பேசினார். பிலோமி வெட்கத்தில் முந்தானையைக் கடித்தாள். ஆனாலும் வீட்டுக்கு வந்து அந்த மாலையை மூன்று நாள் கழற்றி மாட்டிய இடத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதை ஒன்று விடாமல் செய்தவர்களில் முதல் ஆள் தனிஸ்லாஸ். அவளுடைய பெரியப்பா மகன், ஐம்பது வயது, அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஊரின் மேற்குக் கடைசியில் ஒன்றரை ஏக்கர் கல்லுத் தரை. ஆரம்பத்தில் அவருடைய எண் ஆறு. அவரும் அவர் மனைவி விக்டோரியாவும் பிலோமி சொன்ன பருவத்தில் சணப்பை விதைத்தார்கள், சொன்ன நாளில் மடக்கினார்கள், கிடை போட்டார்கள். வைக்கோலைக்கூட விரலால் அளந்து பரப்பினார்கள். ஊரில் பல தோட்டங்கள் மெல்லப் பதினைந்தைத் தாண்டின; பதினாறு, பதினேழு, அதற்கு மேல் ஏறவில்லை. தனிஸ்லாஸின் எண் பதிமூன்றில் வந்து நின்றது. ஐப்பசியிலும் பதிமூன்று. மார்கழியிலும் பதிமூன்று. கொடிகள் எலும்பும் தோலுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தன.

தை மாதம் தவணை முடிந்தது. ஊரில் சிவப்பாக மிச்சமிருந்தது அந்த ஒரே தோட்டம்தான். வருகிற திங்கட்கிழமை வெட்டு வண்டி வரும் என்று அவருக்கு அறிவிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பிலோமி அவர் வீட்டுக்குப் போனாள். விக்டோரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தாள். தனிஸ்லாஸ்தான் பேசினார். "நீ சொன்னதைத்தான் செஞ்சோம் தங்கச்சி. எங்க தப்பு நடந்துச்சுன்னுதான் தெரியல. எங்க கைராசி போல."

கைராசி என்ற சொல் அவளை என்னவோ செய்தது. திரும்பி வரும் வழியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி, தன் விழித்த மண்ணில் ஒரு கூடை அள்ளிப்போய் அண்ணன் தோட்டத்தில் போட்டால் என்ன? மூன்று நாளில் இரண்டு எண் ஏறாதா? எண் காட்டுவது ஆணிதானே, ஆணிக்குப் பக்கத்து மண்தான் இருப்பதிலேயே உயிருள்ள மண்ணாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனாள். ஆணிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு வெட்டு வெட்டினாள்.

ஆணி சாய்ந்து அவள் காலடியில் விழுந்தது.

அவள் பதறிப்போய் அதை எடுத்தாள். எடை இல்லை. திருப்பிப் பார்த்தாள். அது ஒரு சாண் பிவிசி குழாய். மேலே சாம்பல் வண்ணம் அடித்த மூடி. அவ்வளவுதான்.

இன்னாசிமுத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து பழைய மோட்டாருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். பிலோமி குழாயை அவன் மடியில் போட்டாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எழுந்து மூலையில் கிடந்த சாக்கை விலக்கினான். நீல நிறப் பிளாஸ்டிக் வாளி ஒன்று, விளிம்பு வரை கறுத்த மண். நடுவில் நிஜமான ஆணி.

"மாட்டுக்கொட்டத்து வேப்பமரத்தடி மண்ணு," என்றான் மெதுவாக. "ஆணிய ஒரு நிமிசத்துக்கு மேல வெளிய எடுத்தாத்தான் கத்தும். நான் நாப்பது நொடியில மாத்திட்டேன். நெலத்தை விட்டு வெளிய போனாலும் கத்தும். மோட்டார் ரூமும் நெலத்துக்குள்ளதான இருக்கு. தெனமும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துவேன். அம்புட்டுத்தான்."

"எட்டு மாசமா?"

"எட்டு மாசமா."

"எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?"

"நீ அந்தத் தூணுல சாஞ்சு அழுதத நான் பாத்தேன் பிலோமி. கல்யாணமாகி இருவத்திரெண்டு வருசம் ஆச்சு, உன் அம்மா செத்தப்பக்கூட நீ அப்படி அழுகல. எனக்கு மண்ணும் தெரியல, சட்டமும் தெரியல. உன் கொடி பச்சையாகணும்னு மட்டுந்தான் தோணுச்சு. அப்புறம் ஊரே ஒன்னத் தேடி வந்துருச்சு. மாலை போட்டாங்க. நீ சிரிச்ச. இனிமே எப்படிச் சொல்றதுன்னு எனக்கு வழி தெரியல."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அதற்குள்ளேயே, இந்த மனுசன் எட்டு மாதம் ஒரு வாளிக்குத் தினம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறானே என்பதும் சேர்ந்து வந்ததால், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் மாறியது. "என்னங்க, அப்ப நான் ஊருக்கெல்லாம் சொன்னது பொய்யா? நம்ம கொடி பச்சையானது சணப்பையால இல்ல. வால்வு தொறந்ததால. அண்ணன் நான் சொன்னத அப்படியே செஞ்சாரு. நான் செஞ்சது எதுன்னு எனக்கே தெரியாம அவருக்குச் சொல்லிக் குடுத்துருக்கேன். திங்கக்கெழமை அவரு கொடிய வெட்டப் போறாங்க."

"சொன்னா நம்ம கொடியையும் சேத்து வெட்டுவாங்க புள்ள."

"வெட்டட்டும்," என்றாள். சொல்லிவிட்டு வெளியே போய்த் தன் பந்தலை ஒரு முறை பார்த்துக்கொண்டு வந்தாள். "அவரு தன் கைராசின்னு நெனச்சுட்டுருக்காருங்க. அதை மட்டும் என்னால தாங்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊர் மொத்தமும் பலகைக்கு முன்னால் கூடியிருந்தது. வெட்டு விஷயமாக ஷப்னமும் வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிலோமி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னாசிமுத்து, சலவைச் சட்டையும் வேட்டியுமாக, நீல வாளியை இரண்டு கையாலும் காணிக்கை ஏந்துவது போல் ஏந்திக்கொண்டு வந்தான். வாளி தோட்டத்து எல்லையைத் தாண்டிய நிமிடத்திலிருந்து ஆணி கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. பலகையில் பிலோமியின் பெயர் மஞ்சளாக மின்னியது.

"இதுதான் நாப்பத்தொண்ணு," என்றாள் பிலோமி வாளியைக் காட்டி. "என் மண்ணு முழிக்கல. இந்த வாளிதான் முழிச்சிருந்துச்சு. தொட்டி தொறந்து எட்டு மாசம் என் கொடிக்கு உரம் போயிருக்கு. அது தெரியாம நான் உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். தனிஸ்லாஸ் அண்ணன் மேல தப்பு இல்ல. அவரு கையில தப்பு இல்ல."

விக்டோரியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "எட்டு மாசம்! வெரல் வச்சு வைக்கோல் அளந்தேன் நான்! பைத்தியக்காரி மாதிரி அளந்தேன்!"

"தெரியும் மதினி."

"மாலை வேற போட்டுக்கிட்ட!"

"போட்டுக்கிட்டேன் மதினி."

இன்னாசிமுத்து முன்னால் வந்தான். "அவளுக்குத் தெரியாது. செஞ்சது நான். வெள்ளிக்கெழமைதான் கண்டுபிடிச்சா. திட்டுறதுன்னா என்னயத் திட்டுங்க. ஆனா இதை யாராச்சும் கொஞ்சம் வாங்கிக்கங்க, கை கடுக்குது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தனிஸ்லாஸ் முன்னால் வந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "வெட்டுறதுக்கு முன்னாடி சொன்னியே தங்கச்சி," என்றார். "எனக்கு அது போதும்."

ஷப்னம் மட்டும் இது எதையும் கவனிக்காதவள் போல நின்றாள். நெற்றியைச் சுருக்கி இன்னாசிமுத்துவைப் பார்த்தாள். "அண்ணே, ஒரு நிமிசம். இந்த எட்டு மாசமும் சணப்பை, வைக்கோல், கெடை எல்லாம் நெலத்துல இருந்துச்சா?"

"எல்லாம் இருந்துச்சு மேடம். அதுல ஒரு பொய்யும் இல்ல. ரெண்டு தடவ மடக்கி உழுதா."

"உரமும் போச்சு. கொஞ்சமா."

"கொஞ்சமாத்தான். வாளி ரொம்ப முழிப்பா இருந்துச்சுல்ல, அதனால."

ஷப்னம் பையிலிருந்து வேறொரு ஆணியை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பிறகு ஓடினாள். ஊரும் அவள் பின்னால் ஓடியது.

பிலோமியின் பந்தலில் கிழக்கு மூலையில் முதல் குத்து. முப்பத்தாறு. அவள் நம்பவில்லை. நடுவில் குத்தினாள். முப்பத்தெட்டு. பன்னிரண்டு இடத்தில் குத்தினாள். முப்பத்து நான்குக்குக் கீழே ஓர் இடம்கூட இல்லை. கடைசியில் அவள் ஈர மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா ஆச்சு?" மேடம் என்பதையெல்லாம் பிலோமி மறந்துவிட்டாள்.

"உங்க மண்ணு முழிச்சுத்தான்க்கா இருக்கு! பள்ளத்தாக்குலயே இதுதான் அதிகம்!"

"அது எப்படி? தூங்குற மண்ணுக்கு உரம் ஆகாதுன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். வாரியம் அப்படித்தான் எழுதி வச்சுருக்கு. தப்பா எழுதி வச்சுருக்கு." ஷப்னம் ஒரு வைக்கோல் தண்டை எடுத்துக் காட்டினாள். அது பஞ்சாய் மக்கி விரலில் பொடிந்தது. "சணப்பைத் தண்டும் வைக்கோலும் மக்கணும்னா, அதைத் தின்னுற உசுருகளுக்கே கொஞ்சம் தழைச்சத்து வேணும். எளச்சுப் போன மண்ணுல அது இல்ல. தனிஸ்லாஸ் அண்ணன் தோட்டத்துல சாப்பாட்டைப் பூராம் பரப்பி வச்சாச்சு, ஆனா எழுந்திரிச்சு வந்து திங்க அதுகளுக்குத் தெம்பு இல்ல. இருந்த கொஞ்சநஞ்சத்தையும் கொடிகிட்ட இருந்து புடுங்கிக்கிச்சு. அதான் பதிமூணோட நின்னு போச்சு. மூட்டை மூட்டையாக் கொட்டுனா படுத்துக்கும். ஒண்ணுமே குடுக்காட்டி எந்திரிக்க முடியாது. பதினாறு, பதினேழு தொட்ட தோட்டத்துக்கெல்லாம் ஆணி உரத்த நெறைய விட்டுச்சு, மண்ணு மறுபடி சொணங்கிப் போச்சு. தழையும் போட்டு, உரமும் துளித்துளியா விட்டது இந்தப் பதினோரு ஊருலயும் நீங்க ரெண்டு பேருதான். தெரியாம செஞ்சிருக்கீங்க."

இன்னாசிமுத்துவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப நான் செஞ்சது ஆராய்ச்சியா மேடம்?"

"ஏமாத்துதாண்ணே," என்றாள் ஷப்னம். "நல்லா அளந்து செஞ்ச ஏமாத்து."

விக்டோரியா, "அப்ப எங்க கொடி?" என்றாள்.

ஷப்னம் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டாள். விதியை மாற்ற அவளுக்கு அதிகாரமில்லை. வாரியம் கூடி, பேசி, கையெழுத்துப் போட மாதங்களாகும். வெட்டு வண்டி நாளைக் காலையில் வரும். அவள் கையிலிருந்த திரையில் வாரிய விதிகளைத் தேடிக்கொண்டே போனாள். பக்கம் பக்கமாகத் தள்ளினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அலுவலர் ஒரு ஊருக்கு ஒரு தோட்டத்தைச் சோதனை நெலமா அறிவிக்கலாம்," என்று வாசித்தாள். "சோதனை நெலத்துல கொடிய வெட்டக் கூடாது. வால்வு அலுவலர் பொறுப்பு. இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தனிஸ்லாஸ் அண்ணே, உங்க தோட்டத்த நான் எடுத்துக்கலாமா?"

தனிஸ்லாஸ் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மத்தியானத்துக்குள் ஊர் மேற்குக் கடைசிக்கு நகர்ந்துவிட்டது. ஷப்னம் தொட்டியின் பூட்டை எடுத்தாள். அளவை அவளே குறித்தாள்: ஒரு வரிசைக்கு ஒரு உழக்குக்கும் குறைவு. ஒரு வருடமாகக் காய்ந்து கிடந்த உரக்குழாய் முதலில் இருமியது. பிறகு சீறியது. சொட்டுவாய்கள் ஒவ்வொன்றாகத் துளிர்த்தன. விக்டோரியா குனிந்து கடைசி வரிசையின் கடைசிச் சொட்டு விழும் வரைக்கும் பார்த்தாள். எழுந்தவள் பிலோமியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அடுத்த தடவ எதையாச்சும் சொல்லிக் குடுத்தா, எல்லாத்தையும் சேத்துச் சொல்லிக் குடுடி!" என்றாள். அடுத்த நொடியே கட்டிக்கொண்டாள். அடி நிஜமாகவே வலித்தது. பிலோமி வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

ஆனால் ஏமாற்று ஏமாற்றுதான். போவதற்கு முன் ஷப்னம் அதற்கான தாளையும் நீட்டினாள். "ஆணிய நகத்துனதுக்கு ஒரு வருசம் உங்க வால்வுக்குப் பூட்டு. இதுல நான் ஒண்ணும் செய்ய முடியாதுக்கா."

பிலோமி மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். இன்னாசிமுத்து பக்கத்தில் நின்று பேனாவைத் திறந்து கொடுத்தான்.

அந்த வருடம் ஊர் பார்த்த வேடிக்கைக்கு அளவில்லை. வெட்ட வந்த வண்டி திரும்பிப் போனது. ஆனி மாதம் தனிஸ்லாஸின் எண் இருபத்தொன்பதைத் தொட்டது. ஐப்பசியில் வாரியம் விதியைத் திருத்தியது: உறங்கும் மண்ணுக்குத் தழையோடு சேர்த்துத் துளி உரம் உண்டு, தழை இல்லாமல் ஒரு துளியும் கிடையாது. திருத்தத்தைப் பதினோரு ஊர்களுக்கும் விளக்கிச் சொல்ல வாரியம் ஓர் ஆளைத் தேடியது. ஷப்னம் விக்டோரியாவின் பெயரைச் சொன்னாள். விக்டோரியா மேடையில் ஏறி, ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் சொந்தக் குரலில் பேசினாள். கடைசி வரிசை வரை கேட்டது. முன் வரிசையில் உட்கார்ந்து அவளுக்குக் கைதட்டிய பிலோமிக்கு, தான் மேடையில் நின்றபோது இருந்ததைவிட இது ஏனோ லேசாக இருந்தது.

பிலோமி தோட்டத்துக் கொத்து அந்த வருடம் கொஞ்சம் சிறுத்தது. ஒரு கையில் அடங்கியது. சந்தையில் முதலில் அதிசயமாகப் பார்த்தார்கள். பிறகு ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் தினமும் வரிசைக்கு இடையில் நடந்தாள். கால் வைத்தால் மண் அமுங்கி எழுந்தது. மழை பெய்தால் தேங்கவிடாமல் குடித்தது.

மறு தை மாதம் ஒரு காலையில் ஷப்னம் சாவியோடு வந்து இறங்கினாள். "தண்டனை முடிஞ்சு போச்சுக்கா. வால்வத் தொறந்து விட்டுட்டுப் போறேன்."

பிலோமி பந்தலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையெல்லாம் மண். "இப்ப என்ன காட்டுது?"

ஷப்னம் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "நாப்பத்தாறு."

"தொறந்தா என்ன ஆகும்?"

"உங்களுக்கு இப்ப பெருசா ஒண்ணும் வேணாம். அடுத்த கவாத்துக்குச் சாம்பல்சத்து கொஞ்சம் கேக்கலாம். மணிச்சத்து இன்னும் பல வருசத்துக்கு உள்ளயே இருக்கு. இப்பத்தான் வெளிய வர ஆரம்பிச்சுருக்கு."

பிலோமி தொட்டியைப் பார்த்தாள். முப்பது வருடப் பழக்கம். வால்வு திறந்திருந்தால் கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏம்மா ஷப்னம், இந்தத் தண்டனைய இன்னும் ஒரு வருசம் நீட்டிக்க முடியுமா?"

ஷப்னம் சாவியை விரலில் மாட்டியபடியே நின்றாள். "அப்படி ஒரு மனு இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்லக்கா."

"என்னங்க," என்று பிலோமி மோட்டார் ரூமைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், "ஒரு வெள்ளைத்தாள் எடுத்துட்டு வாங்க."